மகளின் சோத்துக்கை

மகளே, உனக்கு மாமியாராகப் போகிறவரின் தம்பி போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார், அம்மா வைத்த முறுக்கைத் தின்றார், மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றி நாலு குறை சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, உன் வலது கையைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். மேடையில் உன் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் நான் கொடுக்கும்போது, மேலே ஒரு பட்டுத் துண்டைப் போட்டு மூடிவிட வேண்டுமாம். "தப்பா எடுத்துக்கிடாதிய அண்ணாச்சி. நாலு பேரு வார எடம். வீடியோ வேற எடுக்காங்க. பிள்ளைக்குத்தான சங்கடம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா என் முதுகில் கிள்ளிவிட்டாள். அவர் போன பிறகு உனக்குப் போன் செய்தேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கத்தினால் நானும் சேர்ந்து கத்தலாம் என்று தயாராக இருந்தேன். நீயோ, "விடுங்கப்பா. ஒரு துண்டுதான? ஒரு நாள் கூத்து, மூடிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய்.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். இத்தனை வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்குத் தெரியாதா? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு டவுணில் பஸ் ஏறும் பெண்கள், உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோலப் பேசுவார்களே, அந்தக் குரல். அதில் இருந்தது சம்மதம் இல்லை, களைப்பு. ஒரு பெண் களைத்துப்போய்ச் சொல்வதை இந்த ஊர் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் தொழிற்சங்கப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. வழக்கமாக ஓட்டை பஸ்களையும் வராத நிலுவையையும் பற்றித் திட்டி எழுதுவேன். இந்த முறை கூடுதல் பக்கம் கேட்டிருக்கிறேன். கை உன்னுடையது. அதை மூடுவதா திறந்து வைப்பதா என்பதும் உன் முடிவுதான். ஆனால் அந்தக் கையின் முதல் வருடம் உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. எனக்கு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

நீ நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்ட பயணி. எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டாய். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தலையோடு கிடந்தாய். எனக்கு அப்போது வேலைகூட நிரந்தரம் ஆகவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் நடந்துகொண்டே சொன்னார். தலை ஸ்கேனில் ஒரு பக்கம் சின்ன மாற்றம் தெரிகிறது, ஒன்றும் இல்லாமலும் போகலாம், கை கால் அசைவைக் கவனித்துக்கொண்டே இருங்கள், மாதா மாதம் கொண்டுவாருங்கள் என்றார். நாங்கள் 'ஒன்றும் இல்லாமலும் போகலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். என்ன அசைவு, அதை எப்படிக் கவனிப்பது, எதைப் பார்த்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. சட்டைக் காலர் கிழிந்தவனிடம் நடந்துகொண்டே பேசினால் போதும் என்று எந்தப் பாடத்தில் சொல்லித் தருகிறார்களோ தெரியாது. அதோடு நீயும் கொழுகொழுவென்று ஆகிவிட்டாய். நம்மூரில் குழந்தை குண்டாகிவிட்டால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. மாதா மாதம் என்று அவர் சொன்னது எங்களுக்கு மறந்தே போனது.

பிறகு நீ பொருள்களைப் பிடிக்க ஆரம்பித்தாய். கிலுகிலுப்பை, அம்மாவின் தாலிக்கொடி, என் சட்டைப் பை, எல்லாவற்றையும் இடது கையால் லபக்கென்று பிடிப்பாய். வலது கை மட்டும் கட்டை விரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டு நெஞ்சோரம் ஒட்டிக் கிடக்கும். அது எங்கள் கண்ணில் படவே இல்லை. வித்தை காட்டுகிற கையைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள். மடியில் நிறுத்தினால் வலது காலை விறைத்து, விரல் நுனியில் ஊன்றி நிற்பாய். இப்பவே நிற்கிறாளே என்று தெருவே மெச்சியது. விறைப்பைப் பலம் என்று நினைத்துக்கொண்டோம். என் அக்கா, உன் அத்தை, அவள் ஒருத்திதான் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தாள். அதையும் தப்பான கையில் கண்டுபிடித்தாள். "ஏலே, இவ பீச்சாங்கைக்காரியால்லா வாரா. இப்பமே திருத்தலன்னா நாளைக்கு எந்த வீட்டுல இவள சோறு பரிமாற விடுவாங்க?" என்றாள்.

இடது கையைப் பற்றி நம்மூருக்கு இருக்கிற பயத்தை நான் தினமும் பார்க்கிறேன். ஒருவன் வலது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குவான். பேட்டை வளைவில் பஸ் சாயும். அந்த நிலையிலும், இடது கையால் சில்லறையை நீட்டும்போது "தப்பா நெனைக்காதீங்க" என்பான். அதே ஆள் சீட்டுக்கு அடியில் வெற்றிலைச் சாற்றைத் துப்புவான், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டான். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த உன் அத்தை, உன் இடது கையில் ஒரு காலுறையை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டாள். காலையில் கட்டினால் விளக்கு வைக்கும்போதுதான் அவிழ்ப்பாள். வலது கைக்குச் சோத்துக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம், வேறு வழி இல்லையென்றால் அது தானாக வேலைக்கு வந்துவிடும் என்பது அவள் கணக்கு. அது வரவில்லை. நீ அழுதாய். பிறகு அழுவதையும் விட்டுவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். பழகிவிட்டாள் என்று நினைத்து நானும் டூட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

எனக்கு முதல் உறுத்தல் பஸ்ஸில்தான் வந்தது. அப்போது பாபநாசம் வண்டியில் இருந்தேன். கண்டக்டர் கழுத்தில் தொங்கும் விசிலை எந்த மடிக் குழந்தையும் சும்மா விடாது. டிக்கெட் கொடுக்கக் குனிந்தால் போதும், பிடித்து இழுக்கும், சில வாயிலும் வைத்துவிடும், தாய்க்காரி என்னைத் திட்டுவாள். அன்றைக்கு ஏதோ திருவிழாக் கூட்டம், வண்டி நிறைய குழந்தைகள். குனிந்து குனிந்து நிமிரும்போது ஒன்று புரிந்தது. இந்தப் பக்கத்துச் சீட்டுக் குழந்தை இந்தக் கையால் இழுக்கிறது, அந்தப் பக்கத்துச் சீட்டுக் குழந்தை அந்தக் கையால் இழுக்கிறது. எந்தக் கை கிட்ட இருக்கிறதோ அது. அந்த வயதில் அதுகளுக்குச் சோத்துக்கையும் இல்லை, பீச்சாங்கையும் இல்லை. வீட்டுக்கு வந்து, காலுறையை அவிழ்த்துவிட்டு, விசிலை உனக்கு வலது பக்கமாகத் தொங்கவிட்டேன். உன் கண்ணில் ஆசை தெரிந்தது. வலது கை அசையவில்லை. உடம்பையே வில்லாக வளைத்து, கிட்டத்தட்ட உருண்டு, இடது கையை அந்தப் பக்கம் கொண்டுவந்து பிடித்துவிட்டாய். உன் சாமர்த்தியத்தைப் பார்த்து நான் கைதட்டினேன். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற உன் அம்மா கைதட்டவில்லை. "இடதுகைக்காரின்னா சரி, இருந்துட்டுப் போறா. வலது கை ஏன் மூடியே கெடக்கு? அதுக்கு யாரு மேல கோவம்?" என்று கேட்டாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர்கள் எங்களைப் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். காலுறையோடு அத்தையும் கூடவே வந்தாள். அங்கிருந்த தெரபிஸ்ட் எங்களைவிடச் சின்னப் பெண். நாற்காலியில் உட்காராமல் பாயில் உன்னோடு குப்புறப் படுத்துக்கொண்டாள். ஒரு மெல்லிய துணியை உன் முகத்தில் போட்டாள். நீ இடது கையால் இழுத்து எறிந்தாய். இடது கையைப் பைய பிடித்துக்கொண்டு துணியை மறுபடி போட்டாள். வலது கை நெஞ்சிலிருந்து கொஞ்சம் எழும்பி, பாதி வழியில் நின்றுவிட்டது. எங்களுக்கு அது வந்து சேராததுதான் தெரிந்தது. "பாத்தீங்களா, வருது" என்றாள் அவள். என்ன வயது என்று கேட்டாள், சொன்னோம். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று விளக்கினாள். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "அப்பம் சாதகத்த எந்த நாளுக்கு எழுத?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் நீயும் சிரித்தாய்.

இது மூளை முடக்குவாதமா என்று கேட்டேன். அந்த வார்த்தையை ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அவள் உடனே ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஆகலாம், ஆகாமலும் போகலாம். இப்ப பேர் வைக்க முடியாது அண்ணா. ஆனா பேர் வைக்கிற வரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம். மூளை இப்பத்தான் எந்தக் கை எங்க இருக்குன்னு படிச்சிட்டிருக்கு. வேலை இல்லாத கைய அது மறந்துரும்" என்றாள். பிறகு அலமாரியைத் திறந்து, ஒரு சின்னத் துணி உறையை எடுத்து, உன் இடது கையில் மாட்டினாள்.

உன் அத்தை எழுந்தே நின்றுவிட்டாள். "நாஞ் சொன்னேம்லா. படிச்ச பிள்ளையும் அதத்தான செய்யுது" என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தெரபிஸ்டுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் காலுறைக் கதையைச் சொன்னோம். அவள் கோபப்படவில்லை. உன்னைத் தூக்கி அத்தையின் மடியில் வைத்து, வலது கை தொடுகிற தூரத்தில் ஒரு மணியைத் தொங்கவிட்டாள். "நீங்க இடது கைய கட்டினீங்க, சரி. வலது கைக்கு என்ன வேலை கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். உறை கொஞ்ச நேரம்தான், குழந்தை சிரிக்கிற நேரத்தில்தான், அழுதால் அந்த நிமிடமே கழற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு இரண்டு கையும் சேர்ந்து செய்கிற விளையாட்டு வேண்டும் என்று சொன்னாள். இடது கை தப்பு செய்யவில்லை, அதை யாரும் தண்டிக்கவும் இல்லை, அது கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும், அவ்வளவுதான். அத்தை உன் மூடிய கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு வழியெல்லாம் வந்தாள். வீட்டு வாசலில் ஏறும்போது உன் அம்மாவிடம், "ஏட்டி, அரிசிய கொழையப் பொங்கு" என்றாள்.

அன்றையிலிருந்து நம் வீட்டில் நடந்தது பயிற்சி என்று எனக்குத் தோன்றியதே இல்லை, கூத்து என்றுதான் தோன்றியது. அத்தை குழைந்த பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, உன் வலது உள்ளங்கையில் தடவிவிடுவாள். "சோத்துக்கைக்குச் சோறு காட்டாம என்னத்த வேலை கேட்டேன், மடச்சி" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். உனக்கு வாசனை தெரியும், கை வாய்க்கு வராது. வாய் கைக்குப் போகும். தலையைக் குனிந்து குனிந்து நக்குவாய். நாளாக ஆகக் கை கொஞ்சம் மேலே வந்தது. கன்னம், காது, மூக்கு என்று வழி தவறி, முகமெல்லாம் சோறாகி, கடைசியில் ஒரு நாள் வாய்க்கு வந்து சேர்ந்தது. கட்டிலில் இருந்த உன்னைத் தரைக்கு இறக்கிவிட்டோம். உனக்கு எதிரே உன் அம்மா குப்புறப் படுத்தாள், பக்கவாட்டில் நான் படுத்தேன். பால்காரர் வந்து எட்டிப் பார்த்து, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் பிரியமாக ஒரு சக்கர வாக்கர் வாங்கி வந்தார். அதில் உட்காரவைத்தால் குழந்தை விரல் நுனியில் உந்தியே பழகும், தரைதான் நல்லது என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். அத்தை அந்த வாக்கரில் வெங்காயம் கொட்டி வைத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதம் பேசவில்லை.

எல்லாம் சிரிப்பாகவே இருந்தது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அதே மையத்துக்குக் களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் வருவாள். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. அவள் மகனுக்கு இரண்டு காலும் விறைப்பு. உன்னைப் பார்த்தால் அவன் கெக்கெக்கென்று சிரிப்பான். இரண்டு பஸ் மாறி வந்து, திரும்பிப் போனால் அன்றைய கூலி போய்விடும். புருஷன் வீட்டில் இதெல்லாம் வெட்டிச் செலவு என்றார்கள். "அடுத்த வாரம் வாரேன் அண்ணே" என்று என்னிடம் சொன்னதுதான் கடைசி. அவள் ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் போகவில்லை. போவதற்கு அங்கே ஆளும் இல்லை. அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. மகளே, உன் கை திறந்ததற்கு அப்பா அம்மாவின் பாசம்தான் காரணம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதே. அவளிடம் என்னைவிட அதிகப் பாசம் இருந்தது. எனக்கு ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஓய்வு, பஸ் செலவும் கையைக் கடிக்காது. அவளுக்கு இது ஒன்றும் இல்லை. குழந்தையின் மூளை காத்திருக்காது என்று தெரிந்த பிறகும், கூலிக்காரி வீட்டுக் குழந்தையைக் காத்திருக்க வைக்கிற ஊர் இது. அவளுக்கும் சேர்த்துத்தான் இன்று உன்னிடம் கோபப்படுகிறேன் என்று வைத்துக்கொள்.

இனி சந்தோஷமான கதை. ஒரு நாள் காலை டூட்டிக்குக் கிளம்பி, யூனிபார்மோடு குனிந்து உன்னைக் கொஞ்சினேன். உன் இடது கையில் அத்தை கொடுத்த மரக்கரண்டி இருந்தது, அதை விட உனக்கு மனம் இல்லை. விசில் உன் மூக்குக்கு நேரே ஆடியது. வலது கை எழுந்தது. பாதியில் நின்றுவிடும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் வந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிந்து, கடைசியாகக் கட்டை விரல் உள்ளேயிருந்து வெளியே வந்தது. விசிலைப் பிடித்துவிட்டாய். பிடித்ததை விடுவதற்கு அந்தக் கைக்கு இன்னும் தெரியாது. நான் விரலைப் பிரிக்கப் போனேன். உன் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதிய. அவளா விடட்டும்." நீ விடவில்லை. கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி உன்னிடமே விட்டுவிட்டு, விசில் இல்லாத கண்டக்டராகப் பாபநாசம் வண்டியில் ஏறினேன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தகரத்தில் தட்டி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனேன். சேரன்மகாதேவியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். "விசில எங்கவே?" என்றார். மகள் பிடித்துக்கொண்டிருக்கிறாள், விட மாட்டேன் என்கிறாள் என்றேன். "பிடுங்கிட்டு வர வேண்டியதுதானவே" என்றார். "பிடிக்கச் சொல்லி இத்தன மாசமாக் கெஞ்சிட்டு, பிடிச்ச அன்னைக்கே எப்படி சார் பிடுங்குவேன்?" என்றேன். பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. என்ன ஏது என்று முன் சீட்டுப் பெண்கள் விசாரித்தார்கள், சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒன்றும் எழுதாமல் வீரவநல்லூரில் இறங்கிப் போனார். கல்லிடைக்குறிச்சியில் ஏறிய கல்லூரிப் பையன்கள் கதை கேட்டு, அதற்குப் பிறகு என்னைத் தட்டவிடவில்லை. வாயில் விரலை வைத்து அவர்களே விசிலடித்தார்கள். பாபநாசம் வரை அந்த வண்டி அப்படித்தான் போனது. சாயங்காலம் வீடு திரும்பினால் தெருவெல்லாம் சுசியம் வாசனை. குழந்தை குப்புற விழுந்தால் வீடு வீடாகக் கொழுக்கட்டை கொடுக்கும் தெரு நம்முடையது. அத்தை தட்டோடு போய், "எங்க பிள்ளைக்குக் கட்ட விரல் வெளிய வந்துட்டு" என்று சொல்லிச் சுசியம் கொடுத்திருக்கிறாள். இதற்கெல்லாமா பலகாரம் செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் தின்றிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நீ நடந்தாய், மற்றக் குழந்தைகளைவிடத் தாமதமாக, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து. டாக்டர்கள் மூளை முடக்குவாதம் என்று பெயரும் வைத்தார்கள். பெயர் வந்தபோது எங்களுக்கு அழ நேரம் இருக்கவில்லை, நீ அதற்குள் தெருவுக்கு ஓடியிருந்தாய். கை சரியாகிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சரியாகவில்லை. அது உதவிக்கை. தட்டைப் பிடிக்கும், தாளை அமுக்கும், பையைத் தூக்கும். அவசரப்பட்டால், கூட்டத்தைப் பார்த்தால், மூடிக்கொள்ளும். பள்ளி ஆண்டு விழாவில் பரிசை வலது கையால்தான் வாங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியும், நீ இடது கையை நீட்டி வாங்கிவிட்டு இறங்கி வந்தாயே, அன்றைக்கு முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டியவள் உன் இடது கையைக் கட்டிவைத்த அதே அத்தைதான். இந்த ஊரில் மனிதர்கள் மாறுவார்கள். நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடித்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை அவர்கள் வந்தபோது நீ மாதுளை உரித்துக்கொண்டிருந்தாய். பழத்தை வலது கையால் வயிற்றோடு அணைத்து, இடது கையால் பிளந்தாய். அவர் அம்மா பதறிப்போய் வாங்கிக்கொள்ள வந்தார். மாப்பிள்ளை பேச்சை நிறுத்தாமல், தன் தட்டை உன் பக்கம் நகர்த்தி, "எனக்கும் கொஞ்சம் போடுங்க" என்றார். அவ்வளவு போதும். கல்யாணத்துக்குப் பிறகும் அது அப்படியே இருக்கட்டும். உதவி வேண்டுமென்றால் கேள். வேண்டாமென்றால் நீட்டுகிற கையைத் தட்டிவிடு. அவர் சமைக்கட்டும், உன் கைக்காக இல்லை, அவருக்கும் பசிக்கும் என்பதற்காக. நாளைக்குக் குழந்தை பிறந்தால் இது அதற்கும் வருமா என்று அந்த வீட்டில் யாராவது காதோடு காதாகக் கேட்பார்கள். இது நீ முன்கூட்டிப் பிறந்தபோது உன் மூளையில் பட்ட காயம், வம்சத்தில் ஓடுவது இல்லை என்று சத்தமாகவே சொல். சொல்லிவிட்டுக் குழந்தையைத் தரையில் விடு.

இப்போது துண்டுக்கு வருகிறேன். உன் மாமியாரின் தம்பி, அந்த மாமா, நேற்று மறுபடி போன் செய்தார். துண்டை அவரே வாங்கி வருகிறாராம், அரக்கு நிறம் பார்த்து வைத்திருக்கிறாராம். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்கது?" என்றார். அப்படி ஒன்று உண்டு என்பது அவருக்குப் புதுசாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, உனக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மேடையில் உன் கையை நான் எடுக்கும்போது அது மூடியிருக்கும். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்தால் மூடாமல் இருக்காது. நான் விரலைப் பிரிக்க மாட்டேன். அது தானாகத் திறக்கும் வரை பிடித்துக்கொண்டு நிற்பேன். நேரம் போகிறது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், மேளக்காரர்கள் இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டும். அத்தனை பேரும் ஒரு கை திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நீ மூடத்தான் வேண்டும் என்றால் மூடுகிறேன், முணுமுணுத்துக்கொண்டே. ஆனால் களைப்பில் சொல்லாதே. யோசித்துச் சொல்.

இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்கும் முன் உனக்குப் போனில் படித்துக் காட்டினேன். களக்காட்டுப் பெண் வந்த இடத்தில் நீ மறுபடி படிக்கச் சொன்னாய். முடித்ததும், "போடுங்கப்பா. என் பேரு மட்டும் வேண்டாம்" என்றாய். துண்டு என்ன செய்ய என்று கேட்டேன். "அது வேண்டாம்ப்பா. மாமா வாங்கிட்டு வந்துட்டாங்கன்னா வீணாக்க வேண்டாம். மேடைக்குக் கூப்பிட்டு அவுகளுக்கே பொன்னாடையாப் போத்திருங்க. வீடியோவுல நல்லாத் தெரியட்டும்" என்றாய்.

அரக்கு நிறம் அவருக்கு எடுப்பாக இருக்கும் என்றுதான் அம்மாவும் சொல்கிறாள்.